நான்கு எஸ். பேச்சிமுத்துகளும் ஜக்கம்மாவின் துண்டும்

எங்கள் ஓடைப்பட்டியில் எஸ். பேச்சிமுத்து என்ற பெயரில் நான்கு பேர் இருக்கிறோம். நால்வருக்கும் ஒரே தாத்தா. அவர் பெயர்தான் பேச்சிமுத்து. அவருக்கு நான்கு மகன்கள்: சுருளியாண்டி, சங்கிலி, சுந்தரலிங்கம், சடையாண்டி. தலைமகனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். நான்கு பேரும் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழில் எழுதினாலாவது சு, ச என்று கொஞ்சம் வித்தியாசம் தெரியும். இங்கிலீஷில் எழுதினால் எல்லாம் ஒரே எஸ்தான்.

ஊருக்குள் இதனால் ஒரு குழப்பமும் கிடையாது. லாரி ஓட்டியவன் லாரிப் பேச்சி. வளர்ந்தவன் நெட்டைப் பேச்சி. ராணுவத்தில் இருப்பவன் பட்டாளத்துப் பேச்சி. நான் கட்டப் பேச்சி. ஏன் அந்தப் பெயர் என்று என்னைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள், பார்க்காதவர்களுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஜக்கம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தவன் என் குடும்பப் புராணத்தை ஏன் பாடுகிறான் என்று நினைக்காதீர்கள். அவள் கதையில் எங்கள் பெயர் ஒரு பெரிய முடிச்சு.

தேனியில் மாடியில் ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறாள் ஜக்கம்மா. போடி ஏலக்காய் வியாபாரிகள் வருகிறார்கள், மில்காரர்கள் வருகிறார்கள், போன மாதம் கம்பத்திலிருந்து ஒரு டாக்டர்கூட வந்தார். எல்லோருக்கும் ஒரே புகார்தான்: “எங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிய மாட்டேங்குது.” ஒன்று ஒரு கம்பெனி செய்தது, இன்னொன்று வேறு கம்பெனி செய்தது. ஒன்றின் டேட்டாபேஸ் மற்றதை எட்டிக்கூடப் பார்க்காது. மாமியாரும் மருமகளும் மாதிரி ஒரே வீட்டில் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதுகளைப் பேச வைப்பதுதான் அவள் தொழில். இந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்துப் பத்தில், கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் இல்லை. நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். கேட்காமலேயே சொல்வாள்.

அவள் அப்பா சின்னச்சாமி மாட்டுத் தரகர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கேரளாக்காரன் மாடு பிடிக்க வந்தால் மலையாளம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். மகளை உத்தமபாளையத்தில் கணக்குப் படிக்க வைத்தார். தொண்ணூற்றாறில் அவள் படிப்பை முடித்துவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டபோது டீக்கடையில் ஒருவன் கிண்டலடித்தான். “மாட்டுத் தரகர் மக தேனிக்கு எலி பிடிக்கப் போறாளாம்ல, மௌஸுன்னா எலிதானே?”

சின்னச்சாமி டீயை வைத்துவிட்டுத் திரும்பினார். “ஆமாடா. ஒன் வீட்டு எலி மாதிரி கதிரத் திங்காது. எம் மக சொன்ன எடத்துக்குப் போகும்.”

அடுத்த வருஷம் எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. அதை இயக்க ஜக்கம்மா வந்தாள். கறுப்புத் திரையில் ஃபாக்ஸ்புரோ என்ற ஒன்றில் யாருக்கு எவ்வளவு பந்தல், எந்தக் கிணற்றுத் தண்ணீர், என்ன கொடி, எப்போது கவாத்து என்று எல்லாவற்றையும் ஏற்றினாள். நான் ஒருநாள் “ஏம்மா டைப்பிஸ்ட்டு, எம் பேரு ஏறிருச்சா?” என்று கேட்டேன். திரும்பியே பார்க்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். “டைப்பிஸ்ட்டு இன்னைக்கு லீவுண்ணே. ஜக்கம்மான்னு ஒருத்தி இருக்கா, அவ கிட்ட வேணும்னா கேளுங்க” என்றாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு ஏற்றுமதிக் கம்பெனி எங்கள் விதையில்லாத் திராட்சையை வெளிநாட்டுக்கு அனுப்ப முன்வந்தது. அதன் உள்ளூர் அதிகாரி முத்துராஜா, தேனி பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். நல்ல பையன்தான், ஆனால் எப்போதும் செல்போனில் மெட்ராஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பான். வெளிநாட்டுக்காரன் கேட்பது இதுதான்: இந்தக் குலை எந்தத் தோட்டத்தில் காய்த்தது, அதில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா, எப்போது குளிரூட்டும் கிடங்குக்கு வந்தது. தோட்டம் பற்றி ஜக்கம்மாவின் ஃபாக்ஸ்புரோவில் இருந்தது. கிடங்கு பற்றியது கிடங்குக்காரர்களின் அக்சஸ் என்ற வேறொன்றில் இருந்தது. மருந்துச் சோதனை மதுரையில் ஒரு ஆய்வகத்தில். அங்கே இருந்தது ஆரக்கிள் என்ற பெரிய டேட்டாபேஸ். மூன்றும் ஒன்றுக்கொன்று அந்நியம். ஜக்கம்மா ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்க அடிக்கப் பிழை.

சங்கக் கூட்டத்தில் முத்துராஜா எழுந்தான். “மூணையும் தூக்கிப் போட்டுட்டு, மெட்ராஸ்ல ஒரே சாஃப்ட்வேர் வாங்கிருவோம்னு கம்பெனியில சொல்றாக” என்றான். எல்லோரும் தலையை ஆட்டினோம். எங்களுக்கு எது புரிந்தது, ஆட்டாமல் இருக்க?

ஜக்கம்மா எழுந்தாள். “எதையும் தூக்கிப் போட வேணாம். ஓடிபிசி இருக்கு.”

“அது என்ன மருந்து?” என்றார் ஒரு பெரியவர்.

அவள் சிரிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்து நின்ற அப்பாவை நேராகப் பார்த்தாள். “எங்கப்பா சந்தையில மாடு பேசறதப் பாத்திருக்கீகல்ல? விக்கிறவரு தமிழு. வாங்குறவரு மலையாளம். ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்கு விளங்காது. துண்டப் போட்டு மூடி, உள்ள கையப் பிடிச்சு வெரலால வெல சொல்றாகல்ல? எந்த பாஷைக்காரனா இருந்தாலும் வெரல்க் கணக்கு ஒண்ணுதானே? கம்ப்யூட்டருக்கும் அந்த மாதிரி ஒரு வெரல்க் கணக்க எல்லா கம்பெனிக்காரனும் ஒத்துக்கிட்டு வச்சிருக்கான். அதுக்குப் பேருதான் ஓடிபிசி. ஃபாக்ஸ்புரோவுக்கு ஒரு தரகரு, அக்சஸுக்கு ஒரு தரகரு, ஆரக்கிளுக்கு ஒரு தரகரு. அந்தத் தரகருக்கு அவுக டிரைவர்னு பேரு வச்சிருக்காக.”

“டிரைவர்னா நானில்ல இருக்கேன்” என்றான் லாரிப் பேச்சி பின்னாலிருந்து.

“நீங்க ஓட்டுனா மதுரைக்குப் போகாதுண்ணே, வழியில வீரபாண்டித் திருவிழாவுல நின்னுரும்” என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஓடிபிசிக்கு ‘ஜக்கம்மா துண்டு’ என்று பெயர். முத்துராஜாகூட மெட்ராஸுக்குப் போனில் ஒருமுறை வாய்தவறி அப்படிச் சொல்லி விழித்தான்.

சொன்னபடி செய்தாள். எத்தனையோ தடவை திரை சிவப்பாகத் திட்டியது. மதுரைக்காரர்களோடு போனில் சண்டை போட்டாள், பாஸ்வேர்டு வாங்கினாள், போன் லைன் ஆமை மாதிரி நகர்ந்ததைத் திட்டினாள். கடைசியில் ஒருநாள் மதியம் சங்க ஆபீஸின் ஒரே திரையில் மூன்றும் வந்து உட்கார்ந்தன. இந்தப் பக்கம் லாரிப் பேச்சியின் தோட்டம், நடுவில் கிடங்கில் அவன் பெட்டிகள், அந்தப் பக்கம் மதுரைச் சோதனை முடிவு. பச்சை விழுந்தால் ஏற்றலாம், சிவப்பு விழுந்தால் ஏற்றக்கூடாது. மெட்ராஸிலிருந்து வந்து பார்த்த பெரிய அதிகாரி “இதை இங்கே யார் செய்தது?” என்று கேட்டபோது நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து அவளைக் காட்டினோம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து ஓர் அங்குலம் உயரம்கூட ஏறியிருக்கும்.

அந்த வருஷம் ஏற்றுமதியில் லாரிப் பேச்சி ஒருவன்தான் எஸ். பேச்சிமுத்து. அதனால் ஒரு வம்பும் வரவில்லை. அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்தில், நாங்கள் நால்வரும் சேர்ந்தோம். பட்டாளத்துப் பேச்சி எல்லையில் காவல் நின்றதால் அவன் தோட்டத்தைச் சின்னச்சாமி குத்தகைக்குப் பிடித்திருந்தார். மாட்டுத் தரகு படுத்துவிட்டது, திராட்சையாவது தூக்கிவிடட்டும் என்றார். பெயர் மட்டும் பட்டாளத்தான் பெயரிலேயே இருந்தது.

அந்தப் பருவத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாம்பல் நோய் ஓரத்துப் பந்தலில் விழுந்தபோது கை பரபரத்தது. மருந்தடித்தால் நின்றுவிடும். ஆனால் அறுவடை நெருங்கிவிட்டது, அடிக்கக்கூடாது என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அடிக்கவில்லை. அந்த ஓரத்தை அப்படியே வெட்டி எறிந்தேன். மிச்சம் இருந்தது கண்ணாடி மாதிரி, ஒவ்வொரு குலையும் கைக்கு அடங்காமல். வெட்டுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. மேகமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

அன்று காலையில் சங்க ஆபீஸுக்குப் போனால் திரையில் எஸ். பேச்சிமுத்து நான்கு பேருக்கும் சிவப்பு.

“மருந்து மிச்சம் அளவுக்கு மேல இருக்காம்” என்றான் முத்துராஜா. “சாயங்காலத்துக்குள்ள மெட்ராஸுக்குப் பட்டியல் சொல்லணும். சிவப்பு விழுந்தவுகள இனி திட்டத்துலயே சேக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பழம் போனால் போகிறது. விஷம் அடித்தவன் என்று என் பெயர் மெட்ராஸுக்குப் போகும், ஊருக்குள் நான் எப்படி நடப்பேன்? “ஏ ஆத்தா ஜக்கம்மா! மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு வச்சிருக்கியே, இதுதான் ஒன் துண்டா? பழி ஓரிடம் பாவம் ஓரிடமா?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவள் காதில் வாங்கிக்கொண்டே திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“கத்தி முடிச்சிட்டீகளாண்ணே?” என்றாள். “தப்பு என்னுதுதான். பேர வச்சு இணைச்சேன். மதுரையில நாலு எஸ். பேச்சிமுத்து, இங்கன நாலு எஸ். பேச்சிமுத்து. ஒருத்தருக்குச் செவப்பு விழுந்தா நாலு பேருக்கும் விழும். பேசச் சொன்னேன், பேசுது. யாரப் பத்திப் பேசுதுன்னு நான்தான் சொல்லிக் குடுக்கல.”

இவ்வளவு சுருக்கமாகத் தப்பை ஒத்துக்கொள்கிறவளை நான் என்ன செய்ய? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் தோட்டத்தைக் கிணற்றுப் பெயரால்தான் சொல்வோம். என்னுடையது ஏத்தக் கிணறு. லாரியுடையது மொட்டைக் கிணறு. நெட்டையுடையது புளியமரத்துக் கிணறு. பட்டாளத்தானுடையது ஈச்சமரத்துக் கிணறு. மதுரை ஆய்வகத்திலும் கிணற்றுப் பெயரை ஒரு ஓரத்தில் ஏற்றியிருந்தார்கள். ஜக்கம்மா அதைத் திரைக்குக் கொண்டுவந்தாள். மொட்டைக் கிணறு, பச்சை. புளியமரத்துக் கிணறு, பச்சை. லாரியும் நெட்டையும் எழுந்து வேட்டியை உதறினார்கள். மீதி இரண்டு வரி. இரண்டிலும் ‘ஈ. கிணறு’ என்று இங்கிலீஷில் ஒற்றை எழுத்துதான் இருந்தது. ஏத்தத்துக்கும் அதே எழுத்து, ஈச்சமரத்துக்கும் அதே எழுத்து. அடித்தவன் கைவலிக்குச் சுருக்கிவிட்டான். ஒரு ஈ பச்சை. ஒரு ஈ சிவப்பு.

ஒன்று நான். இல்லாவிட்டால் சின்னச்சாமி.

சேதி கேட்டு அவரும் வந்து சேர்ந்திருந்தார். கதவோரம் நின்றார். வழக்கமாக வாய் ஓயாத மனிதர், அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

முத்துராஜா போனைப் பார்த்தான். “எதுக்கு வம்பு? ரெண்டையும் தள்ளிருவோம். ரெண்டு தோட்டம்தானே? யாரு எவருன்னு யாருக்கும் தெரிய வேணாம்” என்றான்.

அதில் ஜக்கம்மாவுக்கு என்ன கஷ்டம்? ஒன்றும் இல்லை. அப்பா பெயர் தனியாக அடிபடாது. கட்டப் பேச்சியும் கூடச் சேர்ந்து போனான் என்று ஊர் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பினாள்.

“செய்யாதவரத் தள்ள நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா முத்துராஜா? இன்னும் ஒரு எடம் இருக்கு, கேப்போம்.”

அந்த வருஷம்தான் சோதனைக் குலைகளைப் பையில் போட்டு முதலில் கிடங்குக்குக் கொண்டுபோய், குளிரில் வைத்து, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பும் முறையைத் தொடங்கியிருந்தார்கள். கிடங்கில் ஒவ்வொரு பைக்கும் நம்பர். பைகளைக் கொண்டுவரும் டிராக்டர்காரன் சொன்ன கிணற்றுப் பெயரைக் கிடங்கில் கணக்கேற்றும் பெண்பிள்ளை முழுசாக ஏற்றியிருப்பாள். மதுரையில் பெயரைச் சுருக்கினாலும் பை நம்பரை அப்படியே வைத்திருந்தார்கள். ஆகவே மதுரையிலிருந்து பை நம்பரைப் பிடித்துக் கிடங்குக்கு வரவேண்டும், கிடங்கிலிருந்து கிணற்றைப் பிடித்து எங்கள் சங்கத்துக்கு வரவேண்டும். அந்தப் பைக் கணக்கை அவள் இன்னும் இணைக்கவில்லை. அப்போதே இணைக்க ஆரம்பித்தாள்.

அங்கும் ஒரு கூத்து. என் கிணறு எங்கள் சங்கத்தில் ‘எத்த கிணறு’, கிடங்கில் ‘ஏத்தகெணறு’. எழுத்து ஒன்று மாறினாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு கிணறு. “அது என்ன மனுசனா, காதால கேட்டுப் புரிஞ்சுக்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, எழுத்துப் பிழைகளை எல்லாம் அந்த நம்பருக்குக் கீழே கட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கிணறு கிணறாகச் சொன்னேன். ஓடைப்பட்டியில் எந்தக் கிணற்றுக்கு என்ன பட்டப்பெயர் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வெளியே காற்று ஈரமாக அடிக்க ஆரம்பித்தது.

கடைசியில் நிமிர்ந்தாள். “கேக்கப் போறேன்” என்றாள்.

அப்போது நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். நான் அடிக்கவில்லை என்று நான் போட்ட கூச்சலிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பா வாய் திறக்காததிலும் தெரிந்திருக்கும். தெரிந்தும் அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

போன் லைன் யோசித்து யோசித்து இழுத்தது. அப்புறம் இரண்டு வரிகள் வந்தன.

ஜக்கம்மா உரக்கப் படித்தாள். கூட்டத்தில் கணக்கு வாசிப்பாளே, அதே குரல், ஒரு இழை இறங்கவில்லை. “ஏத்தக் கிணறு, எஸ். பேச்சிமுத்து, பச்சை. ஈச்சமரத்துக் கிணறு, எஸ். பேச்சிமுத்து, சிவப்பு. குத்தகைதாரர் சின்னச்சாமி.” குத்தகைதாரர் பெயர் திரையில் இல்லை, அவளாகச் சேர்த்தாள். பிறகு முத்துராஜாவிடம், “எழுதிக்கங்க. மெட்ராஸுக்குச் சொல்லிருங்க” என்றாள்.

எனக்கு என் பழம் தப்பித்த சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் கண் கலங்கிவிட்டது. காலையில் அவளைக் கத்தின கத்து எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. “விடு தாயி, மறுசோதன கேப்போம். மதுரைக்காரன் தப்பாப் பாத்திருப்பான்” என்றேன். நெட்டைகூட “ஆமாமா” என்றான்.

“யாரும் தப்பாப் பாக்கல” என்றார் சின்னச்சாமி கதவோரத்திலிருந்து. “சாம்பல் விழுந்துச்சு. மனசு கேக்கல. அடிச்சேன்.” சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஜக்கம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மிச்சமிருந்த கிணறுகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் விடியக் காலையில் என் பந்தலில் வெட்டு நடந்தது. வெட்டி முடிந்து பெட்டிகள் கிடங்கு சேர்ந்த பிறகு பிடித்தது மழை. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மருந்தின் வீரியம் இறங்கட்டும், அதுவரை யாருக்கும் விற்க மாட்டேன் என்று சின்னச்சாமி பழத்தைக் கொடியிலேயே விட்டிருந்தார். முக்கால்வாசி வெடித்துத் தரையில் கிடந்தது. அவருக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் நான் டீக்கடைப் பக்கமே போகாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் போனேன். பெஞ்சில் நடுநாயகமாகச் சின்னச்சாமி உட்கார்ந்திருந்தார். சின்னமனூரிலிருந்து வந்த பழ வியாபாரி ஒருவன் வேண்டுமென்றே சீண்டினான். “என்ன தரகரே, பெத்த மகளே ஒம்ம தோட்டத்தத் தள்ளிட்டாளாமே?”

“தள்ளிட்டா!” என்றார் சின்னச்சாமி. கடையே திரும்பிப் பார்க்கிற சத்தம். “மதுரையில அம்புட்டுப் பெரிய மிஷின் வச்சிருக்கான், அவனுக்கு எந்தக் கெணறுன்னு தெரியல. மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்திருக்கான், அவனுக்கும் தெரியல. நான் பந்தலுக்குள்ள பொழுதடைய ஒருத்தருக்கும் தெரியாம அடிச்ச மருந்த, எம் மக ஆபீஸு நாக்காலியில உக்காந்த மேனிக்குக் கண்டுபிடிச்சா. அப்பன்னுகூடப் பாக்காம ஊரு முன்னாடி வாசிச்சா. ஒங்க வீட்டுல இருக்காளா அப்பிடி ஒருத்தி?”

என்னைப் பார்த்ததும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். “வாலே கட்டப் பேச்சி, நீதானே பக்கத்துல இருந்து பாத்த? நீ சொல்லு இவனுக்கு. ஒண்ணு விடாமச் சொல்லு.”